கீரை, கொத்தமல்லி, லெட்டூஸ்: வாடாமலும் அழுகாமலும் வைத்திருக்க

வீட்டில் பச்சை இலை கெட்டுப்போக இரண்டே வழிதான். ஈரம் போனால் வாடும், ஈரம் தேங்கினால் அழுகும். நாம் பெரும்பாலும் ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை வரவழைக்கிறோம். வாடிவிடுமே என்று தண்ணீர் தெளித்து கவரில் முடிச்சுப் போட்டு வைத்தால் மூன்றாம் நாள் கொழகொழத்துப் போகிறது. அழுகிவிடுமே என்று திறந்தபடி ஃப்ரிட்ஜ் தட்டில் போட்டால் மறுநாளே துவண்டு கிடக்கிறது.

பறித்த பிறகும் இலை உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, சூட்டை வெளியேற்றுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீரை நுண்துளைகள் வழியாக இழந்துகொண்டே இருக்கிறது. வேர் போய்விட்டதால் இழந்ததை ஈடுகட்ட வழியில்லை. லெட்டூஸில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு செல்லையும் உள்ளிருந்து விறைப்பாக உப்பிப் பிடித்திருப்பதால்தான் கடித்தால் மொறுக்கென்று இருக்கிறது. எனவே இலைக்கு மூன்று வேண்டும்: குளிர்ச்சி, சுற்றிலும் ஈரக்காற்று, மேலே தேங்கிய தண்ணீர் இல்லாமை. முதல் இரண்டை எல்லோரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

நம் கீரைகளுக்கும் சாலட் இலைகளுக்கும் பொதுவாகவே கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். அரைக்கீரையும் சிறுகீரையும் நம் வெயிலில் வளர்ந்தவை. லெட்டூஸ் குளிர்தேசத்து இலை. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறி ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்ததிலிருந்து, முட்டைக்கோஸும் கேரட்டும் உருளையும் நீலகிரிக்குச் சொந்தமாகிவிட்டன. இன்று லெட்டூஸும் நீலகிரி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறது. மலைக் குளிரில் வெட்டியது 38 டிகிரி வெயிலில் கடைக்கு வந்து இறங்கும்போதே பாதி களைத்திருக்கும். அதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

வாங்கும்போது

செய்ய வேண்டியவை

• காலையில் வாங்குங்கள். இரவுக் குளிரில் தண்ணீர் ஏறி விறைப்பாக இருக்கும் இலையை விடியலில் அறுப்பார்கள். அதே கட்டு மாலை வரை தள்ளுவண்டியில் கிடந்தால், எத்தனை முறை தண்ணீர் தெளித்தாலும் அந்த விறைப்பு திரும்பாது.

• கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். இதைச் செய்ய யாரிடமும் கூச்சப்பட வேண்டாம். மேல் இலைகள் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சில்லென்று இருக்கும். இறுக்கிக் கட்டிய கட்டின் உள்ளே இலைகள் விடும் மூச்சுச் சூடு வெளியே போக முடியாமல் தங்கிவிடும். விரலுக்கு வெதுவெதுப்பாகப் பட்டாலோ, மஞ்சள் இலை தட்டுப்பட்டாலோ, அந்தக் கட்டு நேற்றையது. "இப்பதான் வந்துச்சும்மா" என்று கீரைக்கார அம்மா சொன்னாலும் விரல் சொல்வதை நம்புங்கள்.

• வெட்டுவாயைப் பாருங்கள். லெட்டூஸின் அடித்தண்டு வெட்டிய இடம் வெளுப்பாக இருந்தால் புதிது. செங்கல் நிறத்துக்கு வந்திருந்தால் நாள் ஆகிவிட்டது. கொத்தமல்லிக் காம்பின் அடி கறுத்திருந்தாலும் அப்படித்தான்.

• முடிந்தவரை வேரோடு இருக்கும் கட்டை வாங்குங்கள். மண் அதிகம்தான், எடையும் கூடும். ஆனால் வேரோடு இருக்கும் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் வெட்டியவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும்.

• துணிப்பை கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டத்தை விடுங்கள், இலைக்கே மஞ்சப்பைதான் நல்லது. மூடிய கவருக்குள் வெயிலில் பத்து நிமிடம் போதும், உள்ளே வியர்த்துவிடும்.

செய்யக்கூடாதவை

• ஈரப் பளபளப்பை வைத்துப் புதுசு என்று முடிவு கட்டாதீர்கள். எந்த இலையும் தண்ணீர் தெளித்தால் பளபளக்கும்.

• கீரையைப் பையின் அடியில் போட்டு மேலே உருளையும் தேங்காயும் அடுக்காதீர்கள். நசுங்கிய இடத்தில்தான் முதலில் கறுப்பு விழும், அழுகல் அங்கிருந்துதான் பரவும்.

• கீரையை முதலில் வாங்கிக்கொண்டு மளிகை, மருந்துக்கடை என்று ஊர் சுற்றாதீர்கள். கடைசியில் வாங்குங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் விட்டுவிட்டுப் போவது இன்னும் மோசம்.

• அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கிய சாலட் பாக்கெட்டைத் தொடாதீர்கள், தேதி மிச்சம் இருந்தாலும் சரி, பாதி விலைக்குக் கொடுத்தாலும் சரி.

வீட்டுக்கு வந்ததும்

செய்ய வேண்டியவை

• முதல் வேலை, கட்டை அவிழ்ப்பது. பையைக் கீழே வைத்த கையோடு ரப்பர் பேண்டையோ வாழைநாரையோ எடுத்துவிடுங்கள். நூறு யோசனையில் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இறுக்கிய இடத்தில் காம்பு நசுங்கியிருக்கும், அங்கே காற்றும் புகாது, சூடும் இறங்காது. கட்டோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் வெளி இலை குளிர்ந்து, உள்ளே வெகுநேரம் வெதுவெதுப்பு அப்படியே இருக்கும். முறத்திலோ தாம்பாளத்திலோ பரப்பி, நிழலில் பதினைந்து நிமிடம் சூடு ஆறவிடுங்கள்.

• அப்போதே ஆய்ந்துவிடுங்கள். மஞ்சள் இலை, நசுங்கிய இலை, பூச்சி தின்ற இலை, புல் எல்லாவற்றையும் தனியே ஒதுக்குங்கள். அழுகிய ஒரு இலை பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பது வெறும் பேச்சில்லை. அழுகலுக்குக் காரணமான பாக்டீரியா அதன் சாறு வழியாகவே அடுத்த இலைக்குத் தாவுகிறது.

• கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா? இதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. என் தீர்ப்பு இதுதான்: நன்றாக உலர்த்த முடியும் என்றால் கழுவி வையுங்கள், முடியாது என்றால் கழுவாதீர்கள். லெட்டூஸ், பாலக் போன்ற அகன்ற இலைகளைக் கழுவி உலர்த்துவது எளிது, எனவே கழுவி வைத்தால் அவசரத்துக்கு உதவும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சிறுகீரை போன்ற சிறிய இலைகளுக்கு இடுக்கு அதிகம். அவற்றில் ஒட்டிய ஈரம் போகவே போகாது. அவற்றை மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள்.

• கழுவும் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. மே மாதத்து நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் கையை வைத்தாலே சுடும். அதில் லெட்டூஸை அலசினால் பாதி வெந்த மாதிரி தொய்ந்துவிடும். விடிகாலையில் பிடித்து வைத்த தண்ணீரையோ பானைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, இலையை மிதக்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து இலையை மேலே அள்ளி எடுங்கள். மண் கீழே தங்கிவிடும். பாத்திரத்தைச் சாய்த்துக் கொட்டினால் அதே மண் திரும்ப இலை மேல் விழும். தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு, மூன்று முறை.

• பூச்சி இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் ஒரு தடவை மட்டும் உப்புத் தண்ணீர், ஐந்து நிமிடம். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

• உலர்த்துவதில் பொறுமை வேண்டும். ஓட்டைக் கூடையில் வடியவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மேலே இன்னொரு துணியைப் போட்டு லேசாக ஒற்றி எடுங்கள். ஃபேன் காற்றில் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். மணிக்கணக்கில் ஃபேனுக்கடியில் விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடாதீர்கள், ஈரம் போவதோடு இலையின் உயிர்த்தண்ணீரும் போய்விடும். இலையைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். சாலட் இலை உலர்த்தும் சுழல்கூடை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை ஒரு நிமிடம்தான். வாரம் ஒருமுறை சாலட் சாப்பிடும் வீட்டுக்கு அது இடத்தை அடைக்கும் பாத்திரம்.

செய்யக்கூடாதவை

• சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதையும் இலையில் போடாதீர்கள். இலை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

• மஞ்சள்தூளோ வினிகரோ கலந்து கழுவினால் பூச்சிமருந்து முழுவதும் போய்விடும் என்று நம்பாதீர்கள். மேலே படிந்ததில் ஒரு பங்கு போகும். செடி உறிஞ்சிக்கொண்டது எதில் கழுவினாலும் போகாது.

• நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். வெட்டுவாய் வழியே வைட்டமின் சி போன்ற தண்ணீரில் கரையும் சத்துகள் தொட்டியில் போய்ச் சேரும்.

• உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறவைக்காதீர்கள். உப்பு இலைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

ஃப்ரிட்ஜுக்குள்

குளிர்சாதனக் கிடங்குகளில் லெட்டூஸை 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும், 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்திலும் வைப்பார்கள். வீட்டில் அது நடக்காது. 4 டிகிரி கிடைத்தாலே போதும். இரண்டு கதவு நோ ஃப்ராஸ்ட் ஃப்ரிட்ஜில் விசிறி குளிர்காற்றைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். அது உலர்ந்த காற்று. அதில் திறந்து வைத்த கீரை, கொடியில் போட்ட துணிபோலக் காய்ந்துவிடும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஈரப்பதம் சற்று அதிகம், இலைக்கு அது சாதகம். ஆனால் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைத்தால் உறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை

• அடியில் இருக்கும் காய்கறி ட்ரேயில்தான் இலைகளை வையுங்கள். ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு தள்ளுகோல் அதில் இருந்தால், இலைகளுக்குக் காற்றுவழியை மூடி வைக்க வேண்டும். பழங்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். பல வீடுகளில் அது என்ன என்றே தெரியாமல் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

• அகலமான டப்பாவின் அடியில் உலர்ந்த பருத்தித் துணி அல்லது டிஷ்யூ, அதன்மேல் இலைகள் தளர்வாக, மேலே இன்னொரு துணி, பிறகு மூடி. துணிக்கு இரண்டு வேலை. இலை விடும் ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், அதையே டப்பாவுக்குள் ஈரக்காற்றாக வைத்திருக்கும். இலை மேல் துளி நிற்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, சொதசொதவென்று இருந்தால் மாற்றுங்கள்.

• முழு லெட்டூஸை முழுதாகவே வையுங்கள். வேண்டும்போது வெளி இலைகளை உரித்து எடுத்துக்கொள்ளலாம். முழுதாக வைத்த ஐஸ்பர்க் லெட்டூஸ் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். நறுக்கி வைத்தால் மூன்று, நான்கு நாள்தான்.

• நறுக்கியதைக் கட்டாயம் குளிரில் வையுங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2009ஆம் ஆண்டு உணவு விதித் தொகுப்பு, நறுக்கிய பச்சிலைகளையும் பால், இறைச்சியைப்போல எப்போதும் குளிரில் வைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. முழு இலைக்குத் தோல் இருக்கிறது. நறுக்கியதும் அந்தக் காவல் போய்விடுகிறது.

• திறந்த சாலட் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு மூலையில் செருகாமல், மேற்சொன்ன துணி டப்பாவுக்கு மாற்றுங்கள்.

செய்யக்கூடாதவை

• பழுத்த வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, ஆப்பிள், தக்காளி இவற்றோடு இலைகளைச் சேர்த்து வைக்காதீர்கள். பழுக்கும்போது அவை எத்திலீன் என்ற வாயுவை விடும். காயைப் பழமாக்கும் அதே வாயு கீரையை மஞ்சளாக்கும், லெட்டூஸின் நடுநரம்பில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகளைக் கொண்டுவரும். "வாங்கி ரெண்டு நாள்கூட ஆகலையே, அதுக்குள்ள மஞ்சளாயிடுச்சே" என்று கீரைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், ட்ரேயில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்.

• பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அங்கே உறைந்த இலை, எடுத்ததும் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக் குழையும். உறைபனி செல்களைக் கிழித்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

• செய்தித்தாளில் சுற்றாதீர்கள். நம் அம்மா, பாட்டி காலத்திலிருந்து வந்த வழக்கம், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சு மையில் இருப்பவை ஈர இலையில் ஒட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறைகள், உணவைச் சுற்றவும் சேமிக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. சமைப்பதைக் கழுவுகிறோம் என்று சமாதானம் சொல்லலாம். பச்சையாகத் தின்னும் இலைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கிழிந்த வேட்டித் துண்டு இதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

• கவரை முடிச்சுப் போட்டு மூடாதீர்கள். கவரில்தான் வைப்பேன் என்றால் உள்ளே துணி வைத்து, வாயைத் தளர்வாக மடித்துவிடுங்கள்.

• டப்பாவைத் திணித்து நிரப்பாதீர்கள். கை வைத்து அழுத்தித்தான் மூட முடிகிறது என்றால் இரண்டு டப்பா தேவை.

• ரெகுலேட்டரில் இருக்கும் எண்ணை டிகிரி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஃப்ரிட்ஜுகளில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான்.

எல்லா இலைக்கும் ஒரே வைத்தியம் இல்லை

கொத்தமல்லி: வேரை அலசி, காம்பின் நுனியை ஒரு வெட்டு வெட்டி, இரண்டு விரல் ஆழத் தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்துங்கள். இலைகள் தண்ணீரில் படக் கூடாது. மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் பத்து நாளுக்குக் குறையாது. கதவில் இடமில்லாத வீட்டில் வேரை நறுக்கிவிட்டு, கழுவாமல், துணி டப்பா முறையில் வைக்கலாம்.

புதினா: டம்ளர் முறை இதற்கும் பொருந்தும். ஃப்ரிட்ஜுக்கு வெளியே சமையலறை ஜன்னலோரம் வைத்தாலும் சில நாளில் வேர் விட்டுவிடும், தொட்டியில் நட்டுக்கொள்ளலாம். கழுவிய ஈரத்தோடு டப்பாவில் போட்டால் ஒரே இரவில் கறுத்துவிடும். கையால் நசுக்கி ஆய்ந்தாலும் கறுக்கும்.

கறிவேப்பிலை: ஈர்க்கிலிருந்து உருவி, கழுவாமல், ஈரமில்லாத டப்பாவில் இறுக்கமாக மூடி வையுங்கள். வாரக்கணக்கில் இருக்கும். ஃப்ரீசரிலும் வைக்கலாம், தாளிக்கும்போது எடுத்த எடுப்பில் எண்ணெயில் போடலாம். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு போடுங்கள், ஈரம் இருந்தால் வெடிக்கும்.

முருங்கைக்கீரை: சேமிக்க வாங்கக் கூடாத கீரை. பறித்த நாளிலேயே உதிரத் தொடங்கும். அந்தக் குணத்தையே நம் வீடுகளில் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கொத்தை ராத்திரி துணியில் சுற்றி வைத்தால், காலையில் உதறும்போது ஆய வேண்டிய வேலையில்லாமல் இலைகள் கொட்டும். உடனே சமைத்துவிட வேண்டும்.

வல்லாரை: பச்சையாகச் சாப்பிட நம் பக்கம் கிடைக்கும் நல்ல இலை. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) சேர்த்துச் சம்பலாகவே செய்வார்கள். ஈரமான இடத்தில் படர்ந்து வளர்வது, சேறும் அழுக்கும் ஒட்டியிருக்கும். பச்சையாகத் தின்பதால் ஒவ்வொரு இலையாகக் கழுவ வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும்.

வெற்றிலை, துளசி, திருநீற்றுப்பச்சிலை: இவற்றுக்குக் கடுங்குளிர் ஆகாது. பீட்சாவில் போடும் பேசில் என்பது நம் திருநீற்றுப்பச்சிலைதான். 10 டிகிரிக்குக் கீழே போனால் அது கறுத்துவிடும். டம்ளர் தண்ணீரில் வெளியேயே நிறுத்துங்கள். வெற்றிலையை ஈரத்துணியிலோ வாழைமட்டையிலோ சுற்றி, ஃப்ரிட்ஜுக்கு வெளியே நிழலான இடத்தில் வைக்கும் பழைய வழக்கமே சரி.

பாலக்: நிறைய வாங்கிவிட்டீர்கள் என்றால் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் மூழ்கவைத்து, பிழிந்து ஃப்ரீசரில் வைக்கலாம். குழம்புக்கும் கூட்டுக்கும் ஆகும். லெட்டூஸுக்கு ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால், கரண்ட் போனால்

• மண்பானையில் பாதி ஈர மணல், அதன்மேல் சிறு தட்டில் இலைகள், வாயில் ஈரத்துணி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். புது டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த மின்சாரம் இல்லாத குளிர் அறையும் இதே சூட்சுமம்தான்: இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் நனைத்த மணல்.

• இந்த முறையை எல்லா ஊரிலும் நம்பாதீர்கள். மதுரை, திருச்சி, கோவையின் வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும். கடலோரச் சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றிலேயே ஈரம் அதிகம், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, குளிர்ச்சியும் சுமார்தான்.

• கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் முழு இலைகளைச் சமைத்துவிடலாம், நறுக்கி வைத்த சாலட்டைச் சாப்பிட வேண்டாம்.

வாடியதை மீட்கலாமா?

• வெறுமனே துவண்டு, நிறம் மாறாமல் இருந்தால் மீட்கலாம். காம்பின் நுனியைப் புதிதாக வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் போடுங்கள். இலை இழந்த தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு விறைக்கும். நாலைந்து ஐஸ் கட்டி போட்டால் இன்னும் நல்லது. எடுத்ததும் உலர்த்தி அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டாம் முறை வாடினால் திரும்பாது.

• மஞ்சளானதையும் கறுத்ததையும் தண்ணீரில் போட்டுக் காத்திருக்காதீர்கள். நிறம் போனது தண்ணீர்க் குறையால் அல்ல.

• கொழகொழப்பான இலையை "கழுவிட்டா சரியாயிடும்" என்று சேர்க்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடப்போவது என்றால் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சந்தேகம் வந்த இலை தொட்டிச் செடிக்கு உரமாகப் போகட்டும்.

சாலட் கலக்கும்போது

• உப்பு, எலுமிச்சைச் சாறு, தயிர் எதுவானாலும் பரிமாறுவதற்குச் சற்று முன்பு சேருங்கள். கோசுமல்லி செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உப்பை முன்கூட்டியே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுக் கிண்ணம் குளமாகிவிடும். லெட்டூஸுக்கும் அதே கதிதான், இன்னும் வேகமாக.

• மொட்டைக் கத்தியால் அறுக்காதீர்கள். நசுங்கிய விளிம்புதான் முதலில் பழுப்பாகும். கூரான கத்தி இல்லையென்றால் கையால் கிழித்துப் போடுங்கள்.

• ஆபீஸுக்கு டப்பாவில் எடுத்துப் போகிறவர்கள் சாறை அடியில், தக்காளி, வெள்ளரியை நடுவில், இலையை மேலே வையுங்கள். சாப்பிடும்போது குலுக்கினால் போதும். ஏசி இல்லாத மேஜையில் மதியம் வரை வைப்பதாக இருந்தால் பையில் ஓர் ஐஸ் பேக் இருக்கட்டும்.

• நறுக்கியதில் மிச்சம் வந்தால் சாறு கலக்காததை மட்டும் எடுத்து வையுங்கள். சாறு கலந்தது அன்றோடு சரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வாரம் முழுவதற்கும் கீரை வாங்கி வராதீர்கள். எத்தனை துணி, எத்தனை டப்பா மாற்றினாலும், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் கீரையின் வைட்டமின் சி குறைந்துகொண்டுதான் வரும். லெட்டூஸை வாரம் ஒருமுறை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, அது கிடைக்கும் கடை தூரம். கீரைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலான தெருக்களில் காலையில் கீரைக் கூடை வருகிறது. இரண்டு நாளுக்கு ஒரு கட்டு வாங்குங்கள்.